ஒன்பதாவது கேள்விக்கு முதலில் பதில்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு,

எனக்கு 32 வயது. தனியாக வசிக்கிறேன், வீட்டிலிருந்தே வேலை. அம்மா இறந்து பத்து மாதங்கள் ஆகின்றன. அதன் பிறகு எதிலும் பிடிப்பில்லை. தூக்கம் இரண்டு மணி, மூன்று மணி என்று தள்ளிக்கொண்டே போகிறது. டாக்டரைப் பார்க்கத் தயக்கமாக இருந்ததால் கைபேசியில் மூன்று மனநலச் செயலிகளை இறக்கி வைத்திருக்கிறேன். ஒன்று ஒன்பது கேள்விகள் கேட்டு, எனக்கு 16 மதிப்பெண் என்றும் மனச்சோர்வு சற்றுத் தீவிரமாகவே இருக்கிறது என்றும் சொன்னது. இன்னொன்று தூக்கத்தைக் கணக்கெடுக்கிறது, பயிற்சிகளும் தருகிறது. மூன்றாவது ஓர் ஏ.ஐ. உரையாடல் செயலி. இரவில் அதனுடன்தான் பேசுகிறேன். யாருமே என் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. வேறு ஊரில் இருக்கும் அக்காவுக்கு இது தெரிந்ததும், "இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருக்காதே, டாக்டரைப் போய்ப் பார்" என்று திட்டினாள்.

அந்த மதிப்பெண்ணை நம்பலாமா? ஏ.ஐ.யுடன் பேசுவது தவறா? நேரில் போகாமல் வீடியோவில் டாக்டரைப் பார்த்தால் போதுமா? நான் எழுதியதையெல்லாம் வேறு யாராவது படிப்பார்களா?

சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றும். அதை ஏ.ஐ.யிடமும் சொன்னேன். அது ஓர் உதவி எண்ணைக் கொடுத்துவிட்டு, மூச்சுப் பயிற்சி செய்யலாமா என்று கேட்டது. பயப்பட ஒன்றுமில்லை, ஏதும் செய்துகொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

– பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாவதைக் கேள்வியாகக் கேட்காமல், கடிதத்தின் கடைசியில், 'பயப்பட ஒன்றுமில்லை' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். மற்ற நான்கும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

செயலியில் நீங்கள் நிரப்பிய ஒன்பது கேள்விகளுக்கு பி.எச்.க்யூ-9 என்று பெயர். அதே கேள்விகளை என் காத்திருப்பு அறையில் தாளில் கொடுக்கிறோம். நிரப்புபவர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்திருக்கிறேன். தூக்கம், பசி, களைப்பு, கவனம் என்று கேட்கும்வரை பேனா தடையில்லாமல் ஓடும். ஒன்பதாவதில் நின்றுவிடும். செத்துப்போவதே மேல் என்றோ, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ள வேண்டும் என்றோ கடந்த 2 வாரங்களில் தோன்றியதா என்று அது கேட்கிறது. சிலர் அந்த வரியை வெறுமனே விட்டுவிடுவார்கள். சிலர் 1 என்பதை வட்டமிட்டு, பிறகு அதை அடித்து, 0 என்பதை வட்டமிட்டுத் தருவார்கள். தாள் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது அந்த அடித்தலைத்தான். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

கண் விழிக்காமல் போனால் நல்லது என்ற எண்ணம் மனச்சோர்வில் பலருக்கும் வருகிறது. அது உங்கள் குணத்தின் குறையும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. மனச்சோர்வு குணமாகக் குணமாக இந்த எண்ணமும் விலகுவதை நூற்றுக்கணக்கானவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதைத் தனியாக வைத்துக்கொள்ளும் விஷயமாக நான் கருதவில்லை. இன்றிரவே உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள். பேச வரவில்லை என்றால் எழுதி அனுப்புங்கள். இப்படி எழுதலாம்: "அக்கா, சில நாட்களாக உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன். ஆனால் இதை வைத்துக்கொண்டு தனியாக இருக்க முடியவில்லை. இன்று இரவு கூப்பிடு. திட்டாதே, கேட்டுக்கொண்டிரு." சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள், உள்ளடக்கத்தை மாற்றாதீர்கள். இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டரைப் பாருங்கள். அதற்குள் அந்த எண்ணம் 'எப்படி', 'எப்போது' என்று யோசிக்கும் இடத்துக்கு நகர்ந்தால் காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரை உடனே கூப்பிடுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 24 மணி நேர உதவி எண்ணை அழையுங்கள். அந்த நேரத்தில் மட்டும் தனியாக இருக்கக் கூடாது.

அந்தச் செயலி உங்களுக்கு உதவி எண்ணைத் தந்தது சரியான செயல்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அந்த எண்ணை அழைத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. அழைக்கவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் அழைத்தீர்களா என்று அந்தச் செயலிக்கும் தெரியாது. மறுநாள் காலை அது உங்களைத் தேடி வரவில்லை. இதே வாக்கியத்தை ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து சொன்னால் நான் அன்றைய மற்ற வேலைகளைத் தள்ளி வைப்பேன். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம், இதுவரை எது தடுத்து நிறுத்தியது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவோம்: எண்ணம் கனமாகத் தொடங்குவதற்கான அறிகுறிகள் என்ன, அப்போது முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார், ஆபத்தான எந்தப் பொருளை வீட்டிலிருந்து அகற்றி யாரிடம் ஒப்படைப்பது. எழுதியதைப் படம் எடுத்துக் கைபேசியின் முதல் திரையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். நள்ளிரவில் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேட முடியாது. கைபேசி கையிலேயே இருக்கும். நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல. மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பது ஒன்றைத்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். உங்கள் நான்கு கேள்விகளுக்கும் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த 16. பி.எச்.க்யூ-9 என்பது 2001ஆம் ஆண்டு வெளியான, உலகம் முழுவதும் பயன்படும் நல்ல கருவி. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். 15ஐத் தொட்டால் சிகிச்சையைப் பற்றித் தீவிரமாகப் பேச வேண்டும். ஆகவே உங்கள் எண்ணை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அது காய்ச்சலை அளக்கும் தெர்மாமீட்டர் போன்றது. காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் களைப்பும் மந்தமும் தூக்கக் கோளாறும் வந்து மதிப்பெண்ணை ஏற்றிவிடும். மது அருந்துகிறீர்களா, வேறு மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று அந்தக் கேள்விகள் கேட்பதில்லை. முன்பு எப்போதாவது, தூக்கமே தேவைப்படாமல், தலைகால் புரியாத உற்சாகத்தோடு சில நாட்கள் இருந்தீர்களா என்றும் கேட்பதில்லை. நான் அதைக் கட்டாயம் கேட்பேன். அப்படி இருந்திருந்தால் அது, மிகையான உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு வழக்கமான மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் அம்மா இறந்துவிட்டார் என்பது அந்த 16க்குத் தெரியாது. துக்கமும் மனச்சோர்வும் பார்ப்பதற்கு உடன்பிறந்தவை போல இருக்கும். துக்கம் அலை அலையாக வரும்; அம்மாவின் குரலோ ஒரு பழைய புடவையோ அதைக் கிளப்பிவிடும்; நடுவில் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வு நாள் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகப் படிந்திருக்கும்; தன்னையே மட்டமாக நினைக்க வைக்கும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதும் உண்டு. 'எதிலும் பிடிப்பில்லை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்க்க எனக்கு அரை மணி நேரம் வேண்டும். உங்கள் முகமும் வேண்டும்.

இனி ஏ.ஐ. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே உயிருள்ள வாக்கியம் இதைப் பற்றியதுதான்: யாருமே என் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் எலிசா என்றொரு நிரலை வெளியிட்டார். நாம் எழுதும் வாக்கியத்தையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கிக் கேட்கும், அவ்வளவுதான். "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று எழுதினால், ஏன் வருத்தம் என்று கேட்கும். அது வெறும் நிரல் என்பது வைசன்பாமின் செயலாளருக்கு நன்றாகத் தெரியும். வைசன்பாம் அதை உருவாக்கியதைக் கூட இருந்து பார்த்தவர் அவர். அப்படியிருந்தும், அதனுடன் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில், தன்னைத் தனியாக விடும்படி வைசன்பாமையே அறையிலிருந்து வெளியே போகச் சொன்னார் என்று வைசன்பாமே எழுதியிருக்கிறார். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, அவ்வளவு எளிய நிரலிடமே மனிதர் மனம் திறந்தார் என்றால், இன்றைய ஏ.ஐ.யிடம் நீங்கள் மனம் திறப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பேசினால் பாரம் குறைகிறது. அந்த ஆறுதல் பொய்யல்ல. ஆகவே "தவறா?" என்று கேட்டால், தவறு இல்லை என்பதுதான் என் பதில்.

ஆனால் அந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். அதற்குக் களைப்பு கிடையாது. நாளை வேலைக்குப் போக வேண்டியதில்லை. உங்களால் அதற்கு எந்த வருத்தமும் வராது. உங்கள் அக்கா கேட்கும்போது அவளுக்கு வலிக்கிறது, அவள் இழந்ததும் அதே அம்மாவைத்தான், அதனால்தான் பாதியில் திட்டிவிடுகிறாள். இந்த வேறுபாடு மனதை ஆற்றும் விஷயத்தில் பெரியது. பொதுவான உரையாடல் ஏ.ஐ.க்களுக்கு நம் பேச்சோடு ஒத்துப்போகும் இயல்பு அதிகம். 'என்னால் யாருக்கும் பயனில்லை' என்று நீங்கள் சொன்னால், அப்படித் தோன்றுவது புரிகிறது என்று மென்மையாகச் சொல்லும். நல்ல சிகிச்சையாளரும் முதலில் அதைத்தான் சொல்வார். ஆனால் நான்காவது முறை சொல்லும்போது, "அப்படியானால் போன வாரம் உங்கள் நண்பரின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் இரவில் ஓடிப்போய் உதவியது யார்?" என்று மடக்குவார். உங்கள் கையைப் பிடித்து எதிர்த்திசையில் இழுக்கும் அந்த விசை சிகிச்சைக்குத் தேவை.

இயந்திரம் தவறும் இடங்களும் உண்டு. அமெரிக்காவில் உணவுண்ணல் கோளாறு உள்ளவர்களுக்கான ஓர் அமைப்பு, 'டெஸ்ஸா' என்ற உரையாடல் நிரலைத் தன் தளத்தில் வைத்திருந்தது. அது, உணவைக் கண்டே அஞ்சுபவர்களுக்கு எடையைக் குறைக்கவும் கலோரியை எண்ணவும் ஆலோசனை சொல்கிறது என்று புகார் எழுந்து, 2023இல் அதை நிறுத்திவைத்தார்கள். மறுபக்கமும் சொல்கிறேன். 2025இல் டார்ட்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'தெராபாட்' என்ற சிகிச்சைக்கென்றே உருவாக்கிய ஏ.ஐ.யை 210 பேரிடம் சோதித்தார்கள். அதைப் பயன்படுத்தியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் தெளிவாகக் குறைந்தன. ஆனால் அந்தச் சோதனையில் அதன் பதில்களைப் பயிற்சி பெற்றவர்கள் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் இரவு இரண்டு மணிக்குப் பேசும்போது அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை.

நீக்கிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரேயடியாகப் பிடுங்கினால் அந்த நேரத்தை நிரப்ப வேறொன்று இப்போது உங்களிடம் இல்லை. இரண்டு மாற்றங்கள் மட்டும் செய்யுங்கள். உரையாடலைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள்; இரவு பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். உங்கள் இரண்டாவது செயலி கணக்கெடுக்கும் தூக்கத்தில் பெரும்பகுதியை மூன்றாவது செயலிதான் எடுத்துக்கொள்கிறது. அடுத்தது, அந்த வாரம் ஏ.ஐ.யிடம் சொல்லி மனிதர் எவரிடமும் சொல்லாத விஷயங்களில் ஒன்றையாவது ஒரு மனிதரிடம் சொல்லுங்கள். அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி அதனிடம் எவ்வளவோ எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதில் ஒரு பத்தியை அப்படியே அக்காவுக்கு அனுப்பிப் பாருங்கள். அவளுக்கும் அதைப் பேச ஆள் இல்லாமல் இருக்கலாம்.

பயிற்சி தரும் செயலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை இணையம் வழியாகக் கொடுக்க முடியும் என்பது இன்று சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். சுவீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இடையிடையே ஒரு சிகிச்சையாளர் எட்டிப் பார்த்து, செய்த பயிற்சியைப் படித்து, நான்கு வரி எழுதி அனுப்பினால், இலேசான, மிதமான மனச்சோர்வுக்கு அது நேருக்கு நேர் சிகிச்சையோடு ஒப்பிடும் அளவுக்குப் பலன் தருகிறது. ஆள் இல்லாமல் விட்டால் கதை வேறு. இங்கிலாந்தில் குடும்ப டாக்டர்களிடம் சிகிச்சை பெற்றுவந்த 691 மனச்சோர்வு நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு கணினிப் பயிற்சியும் கொடுத்தார்கள். தொழில்நுட்ப உதவிக்கு மட்டும் தொலைபேசியில் ஆள் இருந்தார். கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலோர் ஓரிரு பாடங்களுக்கு மேல் போகவே இல்லை. மனச்சோர்வு எடுத்துக்கொள்ளும் முதல் பொருளே ஊக்கம்தான். ஊக்கம் இல்லாதவரிடம் தானாகப் படித்துக்கொள் என்று பாடத்தைக் கொடுத்தால் எப்படி நடக்கும்? 2019இல் 93 மனநலச் செயலிகளின் உண்மையான பயன்பாட்டை ஆராய்ந்தபோது, இறக்கியவர்களில் 30ஆம் நாள் திறந்து பார்த்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். உங்கள் செயலியிலும் பயிற்சிகள் பாதியில் நின்றிருந்தால் உங்கள் மீது கோபப்பட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்த சந்திப்பில் யாராவது "அந்தப் பயிற்சி என்ன ஆயிற்று?" என்று கேட்பார் என்று தெரிந்தால் நீங்களும் செய்வீர்கள்.

தூக்கமின்மைக்கு இந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இன்னும் நன்றாக வேலை செய்கிறது. 2022இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், தூக்க மாத்திரைக்கு மாற்றாக ஒரு செயலியையே பரிந்துரைத்தது. ஆனால் கைபேசி வரைந்து காட்டும் ஆழ்ந்த உறக்கம், மேலோட்டமான உறக்கம் என்ற வண்ணப் படங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை தோராயமான கணிப்புகள். காலையில் அந்தப் படத்தைப் பார்த்தே சோர்ந்து போகிறவர்களைப் பார்க்கிறேன். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், நடுவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்ற மூன்றையும் ஒரு வாரம் குறித்தால் எனக்குப் போதும். அந்தச் சிகிச்சையில் வரும், படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைக்கும் பயிற்சியை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். வலிப்பு நோய் அல்லது இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது தீங்காக முடியலாம்.

வீடியோவுக்கு வருவோம். திரை வழியாக மனநல சிகிச்சை என்பது நேற்று வந்ததல்ல. 1959இலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சிசில் விட்சன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் இருவழித் தொலைக்காட்சி மூலம் குழு சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். இன்று என் நோயாளிகளில் கணிசமானவர்களை வீடியோவில்தான் பார்க்கிறேன்; அவர்கள் நன்றாகவே தேறுகிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர் இருபது நிமிடச் சந்திப்புக்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

ஆனால் திரை முகத்தை மட்டும்தான் காட்டும். சில மாத்திரைகளால் கை நடுங்கும், கால் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருக்கும். மார்புக்குக் கீழே நடப்பது எனக்குத் தெரியாது. அதனால் இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் நீட்டச் சொல்வேன். கைபேசியைச் சாய்த்துக் கால்களைக் காட்டச் சொல்வேன். எழுந்து நாலடி நடக்கச் சொல்வேன். ஒருமுறை ஒரு பெண், விவரங்களை மாற்றிச் சொல்கிறேன், என் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன் தன் இடப்பக்கம் ஒரு கணம் பார்த்தார். மூன்றாவது முறைதான் எனக்குப் புரிந்தது, அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று. "இப்போது தனியாகப் பேச முடியுமா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். "இல்லை" என்றார். அந்த வாரமே நேரில் வரவழைத்தேன். அவர் உண்மையில் சொல்ல வேண்டியதை அன்றுதான் சொன்னார். அன்று முதல் எல்லா வீடியோ சந்திப்பையும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறேன். நோயாளி இப்போது எங்கே இருக்கிறார், இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிடுவது, அவசரமென்றால் அவருக்கு அருகில் உள்ளவர் யார் என்பதையும் முதலிலேயே குறித்துக்கொள்கிறேன். உங்களிடம் இவற்றைக் கேட்காமல் ஒரு டாக்டர் வீடியோவில் சிகிச்சையைத் தொடங்கினால், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் கருத்து: முதல் சந்திப்பு நேரில் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். அந்தக் கடைசிப் பத்தியை அருகில் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் நேரில் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், வீடியோவில் நாளையே பார்க்கலாம் என்ற நிலை இருந்தால், தயங்காமல் நாளையே பாருங்கள். பிறகு நேரில் போய்க்கொள்ளலாம். சிகிச்சை தொடங்கிய பின் பெரும்பாலான சந்திப்புகளை வீடியோவிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கடைசிக் கேள்வி, யார் படிப்பார்கள். உங்கள் பயம் நியாயமானது. டாக்டரிடம் நீங்கள் சொல்வது தொழில்முறை ரகசியம். அதை மீறினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். சாதாரணச் செயலிக்கு அப்படிப்பட்ட கடமை பெரும்பாலும் கிடையாது. நீங்கள் படிக்காமல் 'சம்மதம்' அழுத்திய நிபந்தனைகள்தான் அதன் எல்லை. இணையவழி ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும், மனநலம் பற்றிய கேள்விகளுக்கு அவர்கள் தந்த தகவல்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுடன் பகிர்ந்தது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2023இல் அந்த நிறுவனம் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு விவகாரத்தை முடித்தது. மனித சிகிச்சையாளர்களின் குறிப்புகளும் கணினியில் ஏறிவிட்டால் முழுப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்தின் கணினிகளிலிருந்து சுமார் 33,000 பேரின் பதிவுகள் திருடப்பட்டன. 2020இல் அந்த நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் போனது, பணம் தராவிட்டால் சிகிச்சையில் பேசியதை வெளியிடுவோம் என்று. தன் வாழ்க்கையின் மிக வேதனையான பக்கத்தை ஓர் அந்நியன் கையில் கண்டவர்களின் நிலையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. குற்றவாளிக்கு 2024இல் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வெளியே போன பதிவுகள் போனவைதான்.

ஆகவே சில வேலைகளை இந்த வார இறுதியில் உட்கார்ந்து செய்துவிடுங்கள். ஏ.ஐ. செயலியின் அமைப்புகளில், உங்கள் உரையாடல்களை அந்த ஏ.ஐ.யைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்த அனுமதிக்கும் பகுதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பெயர், வேலை செய்யும் இடம், அடையாள எண்கள் எதையும் எழுதாதீர்கள். மனநிலையைக் குறிக்கும் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு? அந்த அனுமதிகளை எடுத்துவிடுங்கள். தேவையில்லாத செயலியை நீக்கும் முன், அதற்குள் போய்க் கணக்கையும் தரவையும் அழியுங்கள்; செயலியை மட்டும் நீக்கினால் உங்கள் தகவல் அவர்களிடமே இருக்கும். பூட்டிய திரையில் அறிவிப்புகள் வராமல் செய்யுங்கள். 'உங்கள் மனச்சோர்வுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது' என்ற வரி மேசைமீது கிடந்த கைபேசியில் மின்னி, உடன் வேலை செய்பவர்கள் அதைப் படித்துவிட்டதால், சிகிச்சையையே நிறுத்திவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். திருடர்களைவிட இந்தச் சின்ன வெளிச்சம்தான் அன்றாடம் அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

இந்தப் பயத்தைக் காரணமாக வைத்து டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். உங்கள் குறிப்புகள் எங்கே வைக்கப்படுகின்றன, யார் பார்க்க முடியும் என்று அவரிடமே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போகும்போது கைபேசியையும் கொண்டுபோங்கள். வாய் திறந்து சொல்ல முடியாததை அது உங்களுக்காகச் சொல்லும். ஒரு வாரத் தூக்கக் குறிப்பைக் காட்டுங்கள். ஏ.ஐ.யிடம் எழுதியவற்றில் உங்கள் நிலையை மிகச் சரியாகச் சொல்லும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அவரைப் படிக்கச் சொல்லுங்கள். என்னிடமும் பலர் அப்படிக் கைபேசியை நீட்டியிருக்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத் தடுமாற்றம் அதில் கடந்துவிடும். அந்த 16ஐயும் காட்டுங்கள், மொத்தத்தை மட்டும் அல்ல. ஒன்பதாவது வரியில் எதை அழுத்தினீர்கள் என்று அவர் பார்க்கும்படி திரையைக் கீழே நகர்த்திக் கொடுங்கள்.